கனடா அண்ணன்

பெரம்பலூரில் ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் அரியலூர் போகணும், இல்லாவிட்டால் திருச்சி. சின்ன வயதில் எங்களுக்கு வெளியூர் என்றாலே நான்கு ரோட்டில் நின்று பஸ் பிடிப்பதுதான். அப்படிப்பட்ட ஊரில், 1999-இல் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு டொராண்டோவில் ஒரு அண்ணன் இருந்தான்.

அவன் துறைமங்கலம் முகாமிலிருந்து வருகிறவன். அப்போதெல்லாம் நாங்கள் 'அகதி முகாம்' என்றுதான் சொல்வோம். 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது 2021-இல். பள்ளிக்கூடத்தில் எங்களை மாதிரியே பேசுவான். வீட்டிலிருந்து யாராவது வந்து கூப்பிட்டால் ஒரு நொடியில் வேறு தமிழுக்கு மாறிவிடுவான். அந்த மாற்றத்தை நாங்கள் கிண்டல் செய்வோம். ஆனால் 'கனடா அண்ணன்' விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரு மரியாதை. அவன் காட்டிய போட்டோவில் அண்ணன் நீலக் கார் ஒன்றில் சாய்ந்துகொண்டு நின்றான். அந்தக் கார் அவனுடையதில்லை என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அந்தக் காரை வைத்து ஒரு வாரம் பேசினோம். ஒருமுறை சென்னைக்கு வந்த யாரோ ஒருத்தர் கையில் தம்பிக்கு ஷூ கொடுத்து அனுப்பியிருந்தான். "எனக்கும் ஒரு ஜோடி வாங்கித் தரச் சொல்லுடா" என்று நான் வெட்கமில்லாமல் கேட்டேன். சொல்லுவதாகச் சொன்னான்.

2001-இல் அந்த அண்ணன் செத்துப்போனான். எப்படி என்று கேட்டதற்கு என் நண்பன் சொன்னது ஒரே சொல்: "நித்திரையில."

தூக்கத்தில் சாவது கிழவர்களுக்குக் கிடைக்கும் வரம் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். இருபத்தெட்டு வயதுக்காரனுக்கு அது எப்படி வரும் என்று நான் யோசிக்கவில்லை. பதினாறு வயசுப் பையனுக்கு அவ்வளவுதான் புத்தி. ஷூ ஞாபகம் வந்தது என்பதுதான் உண்மை.

அதற்குப் பிறகு பல வருடங்கள் போயின. எனக்கு அரியலூரில் வேலை. சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் ஒரு வாடகை அறை. நண்பன் அப்பாவைப் போலவே பெயிண்டர் ஆகியிருந்தான். தமிழ்நாட்டில் முகாம் ஆண்களில் பாதிப்பேர் யாராவது ஒருவர் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அரியலூரில் ஒரு வீட்டு வேலைக்கு வந்தவன் என் அறைக்கு வந்தான். போகும்போது ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "இதப் பாரு. அண்ணன் இருந்த ஊரு" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதில் இருந்தது '1999' என்ற படம். லெனின் எம். சிவம் இயக்கியது, 2009-இல் வெளிவந்தது. கனடாவில், கனடாத் தமிழர்களே எடுத்த சுயாதீனப் படம். ஸ்கார்பரோவில் தமிழ்ப் பையன்களின் குழுச் சண்டை உச்சத்தில் இருந்த காலம்தான் கதை. குழுவை நடத்துகிறவன் ஒருவன், அதற்குள் சிக்கிக்கொண்டவன் ஒருவன், வெளியே நின்று படித்துக்கொண்டிருப்பவன் ஒருவன் என்று மூன்று இளைஞர்கள். நட்சத்திரம் என்று சொல்ல ஆள் இல்லை. 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பால் ஈழத் தமிழர் அத்தனை பேருக்கும் தெரிந்த கே. எஸ். பாலச்சந்திரன் அதில் நடித்திருக்கிறார். எங்கள் ஊரில் அந்தப் பெயரும் யாருக்கும் தெரியாது. சில இடங்களில் நாடகத்தனம் உண்டு. அதையெல்லாம் பத்து நிமிடத்தில் மறந்துவிட்டேன். காரணம் அந்தத் தமிழ். பள்ளிக்கூட வாசலில் நாங்கள் கிண்டல் செய்த அதே தமிழில், நாங்கள் கிண்டல் செய்த அதே வயசுப் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் மிரட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த டொராண்டோ வேறு. அ. முத்துலிங்கம் கதைகளில் வருகிற டொராண்டோ. ஆண்டுதோறும் இயல் விருது கொடுக்கிற, 'காலம்' இதழ் வருகிற டொராண்டோ. சிற்றிதழ் வாசகனுக்கு அது கிட்டத்தட்ட ஒரு இலக்கிய ஊர். அதே ஊரில், அதே வருடங்களில், என் நண்பனின் அண்ணன் வயதுக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று தேடத் தொடங்கியது அந்தப் படத்துக்குப் பிறகுதான்.

கனடாவுக்குத் தமிழர்கள் போன கதையில் ஒரு காட்சி எல்லாருக்கும் தெரிந்தது. 1986 ஆகஸ்ட் 11. நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு கரைசேர்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டபோது அவர்கள் முதலில் சொன்னது, இந்தியாவிலிருந்து என்று. உண்மையில் அவர்கள் கப்பல் ஏறியது மேற்கு ஜெர்மனியில். அங்கே அகதியாக இருந்தவர்கள் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அப்படிப் பார்த்தால் கனடாத் தமிழரின் கதை ஒரு பொய்யோடு தொடங்குகிறது. உயிர் பிழைப்பதற்காகச் சொன்ன பொய். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சமூகம் அதற்குப் பின் சொன்ன வேறு சில பொய்களும் இதே வகைதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

1983 ஜூலைக்குப் பிறகு கனடா இலங்கைத் தமிழருக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தது. 1987-இல் இந்திய ராணுவம் போனது, 1990 ஜூனில் மறுபடியும் போர், 1995 இறுதியில் யாழ்ப்பாணமே காலியானது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு அலை ஆட்கள் வெளியேறினார்கள். அந்த அலைகள் பிரிந்த இடத்தில்தான் எங்கள் ஊரும் வருகிறது. 1990-இல் காசில்லாதவர்கள் படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, லாரியிலோ பஸ்ஸிலோ ஏதோ ஒரு மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பெரம்பலூர் அப்போது தனி மாவட்டம்கூட இல்லை, திருச்சியோடு சேர்ந்தது. கொஞ்சம் காசு புரட்ட முடிந்தவர்கள் நகையை விற்று, காணியை ஈடுவைத்து, ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து ஒரு பிள்ளையை மட்டும் வெளியே அனுப்பினார்கள். அநேகமாக மூத்த பையன். ராணுவம் பிடித்துக்கொண்டு போகிற வயசு. இயக்கம் கூட்டிக்கொண்டு போகிற வயசும் அதுதான்.

என் நண்பனின் வீட்டில் இரண்டும் நடந்தது. அண்ணனை அனுப்பியதில் காசு தீர்ந்துபோய், மற்றவர்கள் படகில் வந்தார்கள்.

இப்போது பதினேழு வயசுப் பையன் ஒருவனை யோசித்துப் பாருங்கள். மூன்று நான்கு நாடுகளின் விமான நிலையங்களில் வேறு வேறு பெயர்களில் நின்றவன். கூட அப்பா அம்மா இல்லை. இறங்கிய ஊரில் தமிழர்கள் முதலில் நெருக்கியடித்துக் குடியிருந்தது செயின்ட் ஜேம்ஸ் டவுன் என்ற பகுதியின் அடுக்குமாடிகளில். ஒரு அறையில் ஐந்தாறு பேர். பிறகு மெல்ல கிழக்கே ஸ்கார்பரோவுக்கு நகர்ந்தார்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் வீட்டிலும் அப்பா கோப்பை கழுவப் போவார், அம்மா சுத்தம் செய்யப் போவார், இரண்டு மூன்று வேலைகள். பட்ட கடன் வட்டியோடு நிற்கிறது. ஊரில் இருக்கிறவர்களுக்கு மாதாமாதம் காசு போகணும். பையன் பள்ளியில் இங்கிலீஷ் தெரியாமல் நிற்கிறான், அடி வாங்குகிறான். அடி வாங்காமலிருக்கக் கூட்டம் சேர்கிறான். முதலில் அது வெறும் பாதுகாப்புதான்.

அந்தக் கூட்டங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்களைக் கவனித்தால் கதை முழுக்கத் தெரியும். எதிரெதிராக நின்ற இரண்டு பெரிய குழுக்களில் ஒன்று வி.வி.டி. வல்வெட்டித்துறை என்ற ஊரின் சுருக்கம். இன்னொன்று ஏ.கே. கண்ணன் குழு. ஏ.கே. என்பது துப்பாக்கி. ஒன்று விட்டுவந்த ஊரின் பெயரைத் தூக்கிக்கொண்டது, இன்னொன்று ஊரை விட்டு ஓட வைத்த ஆயுதத்தின் பெயரை. யாழ்ப்பாணத்தார் எங்கே போனாலும் ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் தொடங்கிவிடுவார்கள் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அப்பாக்கள் மண்டபம் எடுத்து ஊர்ச் சங்கக் கூட்டம் நடத்திய அதே வருடங்களில் பிள்ளைகள் வாகன நிறுத்துமிடங்களில் நடத்திய ஊர்ச் சங்கம் இது என்று எனக்குப் படுகிறது.

போலீஸ் கணக்கில் இந்தக் குழுக்கள்மீது எழுதப்பட்டவை: கப்பம், வங்கி அட்டை மோசடி, துப்பாக்கி, போதைப்பொருள் கைமாற்றல். கப்பம் யாரிடம் வாங்கினார்கள்? தமிழ்க் கடைக்காரரிடம். சுட்டது யாரை? அநேகமாக இன்னொரு தமிழ்ப் பையனை. 1997 டிசம்பரில் ஸ்கார்பரோவின் ஒரு டோனட் கடையில் பத்தொன்பது வயதுப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். எந்தக் குழுவோடும் தொடர்பில்லாதவன். அதற்கடுத்த காலத்தில்தான் தமிழ் இளைஞர்களே சேர்ந்து கனடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். பெரியவர்கள் இல்லை, இளைஞர்கள் என்பது எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. பெரியவர்கள் அப்போது வேறு ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அது என்ன என்று சொல்வது கொஞ்சம் சங்கடம். ஊரில் போர் நடக்கிறது. உலகத்திடம் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் 'எங்கட பெடியள் போதைப்பொருள் விக்கிறாங்கள்' என்று யார் வாயைத் திறப்பார்கள்? கனடாப் பத்திரிகைகளோ தமிழன் என்றால் ஒன்று புலி, இல்லை குழுக்காரன் என்று எழுதிக்கொண்டிருந்தன. அந்த அவமானத்துக்கு முன்னால் மௌனமாக இருப்பது ஒரு தற்காப்பு. எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மௌனத்தில் ஒரு குறிப்பிட்ட வயதுக்காரர்கள் மொத்தமாகக் காணாமல் போனார்கள். துப்பாக்கியில் செத்தவனாவது செய்தியில் வந்தான். விற்றவனைப் போலீஸ் எண்ணியது. வாங்கி ஏற்றிக்கொண்டவனை யாரும் எண்ணவில்லை. அவன் வீட்டுக்காரர்கள் அவனுக்கு நெஞ்சுவலி என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், நித்திரை என்றார்கள்.

2001 அக்டோபரில் டொராண்டோ போலீசும் குடிவரவுத் துறையும் சேர்ந்து ஒரே வீச்சில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கைது செய்தார்கள். நியூயார்க் கோபுரங்கள் விழுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பலர் கனடியக் குடிமக்கள் இல்லை. எனவே சிறை மட்டும் தண்டனையில்லை, நாடுகடத்தலும் உண்டு. அதே ஆண்டு நிறைவேறி 2002-இல் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டம், ஒருவன் குற்றக் குழுவின் உறுப்பினன் என்று நம்பக் காரணம் இருந்தாலே நாட்டில் இருக்கும் தகுதியைப் பறிக்க இடம் கொடுத்தது. எந்தப் போரிலிருந்து அவனைக் காப்பாற்ற அம்மா நகையை விற்றாளோ அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பலாம். சண்டைகள் மெல்ல அடங்கின. அதற்குப் போலீஸ் காரணமா, அந்தப் பையன்களுக்கு வயதாகிவிட்டது காரணமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பத்து வருடம் கழித்து அதைப் படமாக எடுக்கிறார்கள். படம் வந்த ஆண்டைப் பாருங்கள்: 2009. மே 10 அன்று டொராண்டோவில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கார்டினர் விரைவுச் சாலையில் ஏறி உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் முள்ளிவாய்க்கால் முடிந்தது. அக்டோபரில் வான்கூவர் திரைப்பட விழாவில் '1999' திரையிடப்படுகிறது. அந்த அக்டோபரில் எந்தத் தமிழனுக்கு ஸ்கார்பரோ ரவுடிப் பையன்களைப் பற்றி நினைக்க மனம் இருந்திருக்கும்? இங்கே பெரம்பலூரில் நாங்கள் முத்துக்குமார் படம் போட்ட போஸ்டர் மங்கிக்கொண்டிருந்த சுவர்களுக்கு முன்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ஈழம் என்றால் தியாகம், கண்ணீர், வன்னி. ஒரு ஈழத் தமிழன் போதை ஊசி போட்டுச் சாவான் என்பது எங்கள் கற்பனையிலேயே இல்லாத ஒன்று. தியாகியாக இல்லாத அகதியை வைத்து என்ன செய்வது என்று தமிழ்நாட்டுக்காரனுக்கு இன்றும் தெரியாது.

லெனின் சிவத்தின் அடுத்த படம் 'எ கன் அண்ட் எ ரிங்' 2013-இல் ஷாங்காய் விழாவில் போட்டிப் பிரிவுக்குப் போனது. தொழில்நேர்த்தியில் அது மேலான படம். எனக்கு '1999' தான் பிடிக்கும். ஷோபாசக்தி நடித்து 2015-இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய 'தீபன்' நம்மில் பலர் பார்த்த படம். அதிலும் பாரீஸ் புறநகரின் அடுக்குமாடியில் போதை வியாபாரம் நடக்கிறது. ஆனால் விற்கிறவர்கள் வேறு ஆட்கள். தமிழன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் காவலாளி. '1999' அந்தச் சௌகரியத்தைத் தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. மலேசியாவில் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' இதற்குச் சொந்தக்காரப் படம். தோட்டம் போனபின் நகர ஓரத்துக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் பையன் குண்டர் கும்பல் பக்கம் சாய்வதைப் பற்றியது. அடுத்த வருடம் வந்த 'கபாலி'யை நாம் விசிலடித்துப் பார்த்தோம்; 'ஜகாட்' வந்ததே பலருக்குத் தெரியாது.

நம் ஊர்ப் படங்களில் போதைப்பொருள் ஒரு சரக்கு. 'கைதி'யில், 'விக்ரம்' படத்தில் அது மறைத்துவைக்கவும் கைப்பற்றவும் ஒரு பொருள். அதைச் சுற்றித் துப்பாக்கி வெடிக்கும். நானும் முதல் நாள் காட்சி பார்த்தவன்தான், பொய் சொல்லவில்லை. அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் எழ முடியாமல் கிடக்கும் பையனும், அவன் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் அம்மாவும் அந்தப் படங்களில் கிடையாது. அப்படி ஒரு அம்மாவை எனக்கு இப்போது அரியலூரிலேயே தெரியும். தமிழ்நாட்டுப் போலீஸ் 2021 டிசம்பரில் கஞ்சா வேட்டை தொடங்கி, அடுத்த வருடம் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் உறுதிமொழி எடுத்து, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் என்ற செய்தி மாவட்டத்துக்கு மாவட்டம் சாதாரணமாகிவிட்ட இந்த நாட்களில், அந்த அம்மா பக்கத்து வீட்டில் சொல்வது: "பையனுக்கு உடம்பு முடியல, மஞ்சக்காமால."

படம் பார்த்து ஒரு மாதம் கழித்துத்தான் துறைமங்கலம் போனேன். இருபது வருடப் பழக்கத்தில் அவன் வீட்டுக்குள் நான் போனது அது இரண்டாவது முறை. அவன் பெயிண்ட் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திய இடத்திலேயே பேசினான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அண்ணன் ஊசியிலதான்டா போனான். அங்க இருக்கிற மாமா ரெண்டு வருசம் கழிச்சு எனக்கு மட்டும் சொன்னாரு." கொஞ்ச நேரம் பைக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தான். "அம்மாவுக்கும் தெரியும். எனக்குத் தெரியும்ங்கிறது அவங்களுக்குத் தெரியாது."

ஷூ பற்றி அவனிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

உள்ளே அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சுவரில் அந்த நீலக் கார் போட்டோ, மாலையோடு. பக்கத்தில் இன்னும் குடியுரிமை இல்லாத ஒரு குடும்பத்தின் காகிதங்கள் எல்லாம் திணித்த ஒரு பிளாஸ்டிக் பை ஆணியில் தொங்கியது. அங்கே செத்த மகனுக்காவது கனடாவில் ஒரு கல்லறையோ சாம்பலோ இருந்திருக்கும். இவர்கள் போய்ப் பார்க்க பாஸ்போர்ட் கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் கிடையாது.

"தம்பி, இவன் ஏதோ படம் தந்தவனாம், பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

"பாத்தேன்மா."

"அந்த ஊரைக் காட்டினவங்களோ?"

"காட்டினாங்கம்மா."

"அவன் இருந்தது பதினாலாம் மாடி. கடிதத்தில எழுதினவன். லிஃப்ட் பழுதெண்டா நடந்துதான் ஏறவேணுமாம்" என்றார். பிறகு தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்டார்.